ஏரியில் நம்பர் போட்ட மரங்கள்

என் தங்கப் பிள்ளைக்கு,

ஊர் வந்து சேர்ந்துவிட்டேன், ஹோட்டல் சாப்பாடு பரவாயில்லை, அறையில் நல்ல காற்று வருகிறது என்று நீ எழுதிய கார்டு நேற்று வந்தது. அப்பா அதைக் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இந்தக் கடிதம் அந்தக் கார்டுக்குப் பதில் இல்லை. புறப்படுகிற அன்று காலையில் நீ சிரித்தாயே ஒரு சிரிப்பு, அதற்குப் பதில். இட்லி சாப்பிட்டுக்கொண்டே உன் புது உத்தியோகத்தை அப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். நிலக்கரி எங்கே, அணைத் தண்ணீர் எங்கே, எண்ணெய் எவ்வளவு, எந்த ஊருக்கு எதிலிருந்து கரண்ட் என்று தனித்தனியாகப் பார்த்தது போதும், எல்லாவற்றையும் ஒரே படத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், புகையும் குறைய வேண்டும், காடும் ஏரியும் கெடக்கூடாது, அந்தத் திட்டத்தைப் போடுவதுதான் இனிமேல் என் வேலை என்றாய். நான் சட்னி போட்டபடி, "இதத்தாம்பா நம்ம தெருவுல நாங்க பண்ணோம்" என்றேன். நீ சிரித்தாய். அம்மா பாவம், ஏதோ சொல்கிறாள் என்கிற சிரிப்பு அது. உன் அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்தது வேறு. அவருக்கு விஷயம் தெரியும்.

அந்தச் சமயத்தில் நீ சென்னையில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாய். பரீட்சை நேரத்தில் உன்னை எதற்குக் கலைப்பது என்று 'இங்கு எல்லாரும் சௌக்கியம், சாயப் பட்டறையில் கொஞ்சம் மாற்றம் செய்கிறோம்' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன். லீவுக்கு வந்தபோது தெருவில் புதுக் குழாய் ஓடுவதைப் பார்த்தாய், பெரியப்பா வீட்டு அடுப்பு எரியாததைப் பார்த்தாய், ஒரு வார்த்தை கேட்கவில்லை. சினிமாவுக்குப் போனாய். அதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை. அந்த வயதில் யாரும் அடுப்பைப் பார்ப்பதில்லை. இப்போது அடுப்பைப் பார்ப்பதே உனக்குச் சம்பளம் தரும் வேலையாகிவிட்டது. அதனால் முழுக்கதையையும் எழுதிவிடுகிறேன். ஆபீஸ் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து படி.

கதை என் தாய்வீட்டில் ஆரம்பிக்கிறது. முசரவாக்கத்தில் எங்கள் ஏரிக்குள் நிற்கும் கருவேல மரங்களை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். கோடை லீவில்தான் உன்னை அங்கே அனுப்புவேன் என்பதால் நீ பார்த்ததெல்லாம் வெடித்த சேறும் முள்மரமும். மழை பெய்து ஏரி நிறைந்ததும் அந்த மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும். கார்த்திகை பிறந்தால் நாரையும் கொக்கும் வக்காவும் வந்து, இலை தெரியாதபடி உட்கார்ந்து, கூடு கட்டி, குஞ்சு பொரித்து, பங்குனியில்தான் போகும். அவற்றின் எச்சம் விழுந்த தண்ணீர்தான் எங்கள் நிலங்களுக்குப் பாயும். உன் மாமா இன்றுவரை பக்கத்து ஊர்க்காரர்கள் வாங்குகிற அளவு உரமூட்டை வாங்கியதில்லை. அந்தப் பறவைகள் வெருண்டு போய்விடக் கூடாது என்று எங்கள் ஊரில் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்க மாட்டார்கள். நானும் கல்யாணம் ஆகும்வரை ஒரு மத்தாப்பூ தவிர எதையும் கையில் பிடித்ததில்லை. அது எங்களுக்குப் பெரிய விஷயமாகத் தோன்றியதே இல்லை. எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அப்பா அப்படி நினைக்கவில்லை. தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு வந்தவர், ஒரு கூடை நிறையப் பட்டாசு வாங்கிக்கொண்டு வந்தார். சரவெடி, லட்சுமி வெடி, என்னென்னவோ. புது மாப்பிள்ளை, காஞ்சிபுரத்துச் சாயக்காரர் வீட்டுப் பிள்ளை, ஊரே அசரும்படி வெடிக்க வேண்டும் என்று ஆசை. உன் மாமா கூடையை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கினார், உள்ளே கொண்டுபோனார், நெல் கொட்டும் குதிருக்குள் இறக்கி மூடிவிட்டார். "மாப்ள, இந்த ஊர்ல வெடிக்கறதில்ல. தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். உன் அப்பா தப்பாகத்தான் நினைத்துக்கொண்டார். அதிரசம் வேண்டாம், வடை வேண்டாம், புது வேட்டி இறுக்குகிறது என்று பகல் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊருக்குத் திரும்பியபின்னும் வருஷக்கணக்காக, எங்கேயாவது வெடிச் சத்தம் கேட்டால் என்னை ஒரு பார்வை பார்ப்பார். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். நம் வீட்டில் சண்டை என்று சொல்ல வேறொன்றும் பெரிதாக இருந்ததில்லை.

இனி நம் தெருவுக்கு வருகிறேன். பட்டு நூலுக்குச் சாயம் போடுவதற்கு முன்னால் சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் வேகவைத்துப் பசையை எடுக்க வேண்டும். பிறகு சாய அண்டாவில் இன்னொரு கொதி. அலசிய பின் கெட்டிச் சாயத்துக்கு இன்னொரு தரம். இத்தனையும் விறகில். தெருவில் எத்தனை பட்டறை இருந்ததோ அத்தனை அடுப்பு, அத்தனை புகை. நம் தெருவில் பொழுது விடிவதே புகைக்குள்தான். உன் பெரியம்மாவின் இருமலைக் கேட்டு நேரம் சொல்லலாம். அந்த வருஷங்களில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஊர் மொத்தமும் விறகுக்குத் திரும்பிவிட்டது. விறகுத் தொட்டிக்காரர் நேற்று வரை நம்மைக் கும்பிட்டவர், இப்போது நாம் அவரைக் கும்பிட வேண்டியதாயிற்று. பச்சைக் கட்டையைக் கொடுத்தாலும் வாயை மூடிக்கொண்டு வாங்கினோம். அது எரியாது, அழும். புகை இரட்டிப்பாயிற்று.

வைகாசியில் உன் மாமா மாம்பழக் கூடையோடு வந்தார். எப்போதும் வாசலிலிருந்தே சத்தம் போட்டுக்கொண்டு வருகிறவர், அன்றைக்கு நேராகச் சமையல்கட்டுக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். அதிகாரிகள் வந்து ஏரி மரங்களைப் பார்த்தார்களாம். எல்லாம் முற்றிய விறகு மரம், அடுத்த கோடையில் ஏரி வற்றியதும் ஏலம் விட்டுவிடலாம் என்று முடிவாம். "மரத்துக்கு மரம் தாரால நம்பர் போட்டுக்கினு போயிருக்கானுங்க தங்கச்சி. ஏரி காஞ்சி கெடக்கறப்ப வந்தா அவனுங்க கண்ணுக்கு அது வெறகாத்தான் தெரியும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, காஞ்சிபுரத்து விறகுத் தொட்டிக்காரர் ஏலம் எடுக்கப்போகிறார் என்றும், உங்கள் தெருச் சாயக்காரர்கள் மொத்தமாக வாங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருப்பதால்தான் அவருக்கு அவ்வளவு தைரியம் என்றும் சொன்னார். வாக்குக் கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. தெருவுக்காகப் பேசுகிறவர் உன் பெரியப்பா. அவர் பேசினால் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறவர் உன் அப்பா. என் தாய்வீட்டு ஏரி என் புகுந்த வீட்டு அடுப்பில் எரியப்போகிறது. மாம்பழக் கூடையை அப்படியே மூலையில் தள்ளி வைத்தேன்.

அப்பாவிடம் கேட்டேன். ஆமாம், பேசியாகிவிட்டது, வேறு வழி சொல் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். விறகு இல்லாவிட்டால் பட்டறை நிற்கும், பட்டறை நின்றால் தறி நிற்கும். அதைத் தெரியாதவள் மாதிரி நான் அழுது ஆர்ப்பாட்டம் செய்ய முடியாது. அதனால் பாத்திரங்களைத்தான் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். ஒரு வாரம் அப்படிப் போயிற்று. ஒரு நாள் சோறு கொதிக்கும்போது, வழக்கம்போல் பானை மேல் தண்ணீர்ச் செம்பை வைத்து மூடிக்கொண்டிருந்தேன். சோற்றின் ஆவியிலேயே அந்தத் தண்ணீர் சூடாகிவிடும், பிறகு குழம்புக்கு ஊற்றினால் சீக்கிரம் கொதிக்கும். எல்லா வீட்டிலும் செய்வதுதான். அப்பா கைகழுவ வந்தவர் செம்பையே பார்த்துக்கொண்டு நின்றார். "நம்ம பட்டறையில ஒவ்வொரு வாட்டியும் பச்சத் தண்ணியிலேர்ந்து ஆரம்பிக்கறோம்" என்றார். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தெருக்கோடி ரைஸ்மில்லுக்குப் போனார்.

ரைஸ்மில் ரங்கய்யாவை உனக்குத் தெரியும். தெலுங்குக்காரர், என்னை 'செல்லெம்மா' என்று தங்கச்சி முறை வைத்துக் கூப்பிடுவார். அவர் மில்லில் நெல் அவிக்க உமி எரிக்கும் பாய்லர் ஒன்று உண்டு. எரித்தது போக மீந்த உமி பின்பக்கம் மலையாகக் கிடக்கும், அதை எப்படி ஒழிப்பது என்று தெரியாமல் சும்மாவே கொளுத்திவிடுவார். அது நாள்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். இந்தப் பக்கம் நாம் விறகுக்கு அலைகிறோம், அந்தப் பக்கம் அவர் உமியை வீணாகக் கொளுத்துகிறார். நடுவில் ஒரு தெருதான். இத்தனை வருஷம் அந்தத் தெருவை யாரும் தாண்டவில்லை. இன்னொன்றும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரங்கய்யா மில்லுக்கு வரும் நெல் நிறைய எங்கள் ஏரிப் பாசனத்து நெல். ஏரி மரத்தை வெட்டினால் பறவை வராது, பறவை வராவிட்டால் அந்த விளைச்சல் இருக்காது, அப்புறம் உமிக்கும் எங்கே போவது? நீ ஒரே படம் என்று சொன்னாயே, அது எனக்கு அன்றைக்குச் சமையல்கட்டில் தெரிந்த படம்.

ஆனால் முதலில் மூக்குடைபட்டோம். ரங்கய்யாவிடம் உமி வாங்கி, பட்டறைக்கு ஒரு உமி அடுப்பு கட்டிப் பார்ப்பது என்று தெருவே சேர்ந்து முடிவு செய்தது. எந்த மாதத்தில் ஆரம்பிப்பது? ஆடியில் கல்யாணம் கிடையாது, வேலை மந்தம், அவசர ஆர்டர் இருக்காது, சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல மாதம் வேறில்லை என்றார் உன் பெரியப்பா. எல்லாரும் ஆமாம் போட்டார்கள். நானும்தான் போட்டேன். சாயக்காரர்கள் மாதத்தைக் கல்யாணத்தை வைத்துத்தான் எண்ணுவார்கள், காற்றை வைத்து எண்ண மாட்டார்கள். ஆடிக் காற்று வந்தது. உமிச் சாம்பல் அத்தனை அடுப்பிலிருந்தும் கிளம்பித் தெருவெல்லாம் பறந்தது. ஆவணி முகூர்த்தத்துக்காக அரக்குச் சிவப்பில் தோய்த்து ஈரத்தோடு கழியில் மாட்டி வைத்திருந்த பட்டெல்லாம் கரும்புள்ளி குத்திக்கொண்டது. அலசினால் போகவில்லை, இன்னும் இழுவிக்கொண்டது. உன் அப்பா அத்தனையையும் கத்தரிப்பூ நிறத்தில் முக்கி எடுத்தார். அந்த வருஷம் ஊரில் கத்தரிப்பூப் புடவை ஏன் அவ்வளவு ஓடியது என்று நெசவாளிகள் இன்னும் பேசிக்கொள்கிறார்கள், காரணம் நமக்குத்தான் தெரியும். பெரியப்பா உமி அடுப்பை இடித்துத் தள்ளச் சொன்னார். விறகுத் தொட்டிக்காரருக்கு மறுபடியும் ஆள் போயிற்று.

எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஆனால் இப்போது யோசித்தால் ஆடியில் செய்ததுதான் நல்லதாயிற்று என்று தோன்றுகிறது. தையில் செய்திருந்தால் காற்றே இருந்திருக்காது, ஆகா ஓகோ என்று எல்லாரும் செங்கல் வைத்துக் கட்டியிருப்போம், அடுத்த ஆடியில் தெரு மொத்தமும் கவிழ்ந்திருக்கும். நீயும் எதையாவது சோதித்துப் பார்ப்பதாக இருந்தால் வசதியான மாதத்தில் வைக்காதே. கஷ்டமான மாதத்தில் வை. கெட்ட பேர் வரும், வரட்டும். மேலதிகாரி முகத்தைச் சுளித்தால், எங்கம்மா பட்டறையில் இப்படித்தான் செய்தார்கள் என்று சொல்.

அப்பா விடவில்லை. தலையாட்டிக்கொண்டே இருக்கிற மனிதர் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் எப்படிப் பிடிப்பார் என்பதை அந்த ஐப்பசி மழையில்தான் பார்த்தேன். அடுப்பு தெருவெங்கும் இருந்தால்தானே சாம்பல் தெருவெங்கும் பறக்கும், ஒரே இடத்தில் எரிப்போம், தெருவின் கிழக்குக் கோடியில் மில்லுக்குள்ளேயே எரிப்போம், ஆடிக் காற்று மேற்கிலிருந்து வருவதால் சாம்பல் நம் பக்கம் திரும்பாது, உயரமாகப் புகைபோக்கி வைப்போம் என்றார். ரங்கய்யாவின் பாய்லர் காலையில் நெல் அவித்து முடித்தபின் சும்மா கிடக்கிறது, அதில் தண்ணீரைக் காய்ச்சிக் குழாயில் தெருவுக்கு விட வேண்டியது. வழியில் ஆறாமல் இருக்கக் குழாயைச் சுற்றி வைக்கோல் பிரி, அதன் மேல் சாக்கு, அதன் மேல் களிமண். பட்டறைக்கு வரும்போது தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும், அதைக் கொதிக்க வைக்க நாலு தென்னை மட்டை போதும், மரம் வேண்டாம். இத்தனையும் பேசி, ரங்கய்யாவைச் சம்மதிக்க வைத்து, தையில் குழாயும் போட்டாகிவிட்டது. தெருவில் பாதிப்பேர் மூக்கில் விரல் வைத்தார்கள். மீதிப்பேர் உன் பெரியப்பா முகத்தைப் பார்த்தார்கள்.

பெரியப்பா முடியாது என்றுவிட்டார். அடுத்தவன் வீட்டு அடுப்பை நம்பி நான் தொழில் பண்ணுவதா என்பது ஒன்று. அதற்கும் மேலே வெள்ளிக்கிழமை என்று ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமையில் வீட்டிலிருந்து நெருப்பை வெளியே கொடுக்கக் கூடாது, கொடுத்தால் லட்சுமியும் அதோடு போய்விடுவாள் என்பது நம் பக்கத்து வழக்கம். ரங்கய்யா அதில் நம்மைவிடக் கெட்டி. வெள்ளிக்கிழமை காலையில் பாய்லருக்கே மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறவர். பாய்லர் சூட்டை வெளியே விடுவதும் நெருப்பைக் கொடுப்பதுதான் என்பது அவர் கணக்கு. "மத்த நாளெல்லாம் எடுத்துக்கோங்க, வெள்ளிக்கிழம மட்டும் கேக்காதீங்க" என்றார். ஒரு நாள்தானே என்று உனக்குத் தோன்றும். வெள்ளிக்கிழமைக்கென்று தனியாக விறகு வாங்கி அடுக்கினால் சனிக்கிழமைக்கும் அதுதான் எரியும், சாயக்காரர்களை எனக்குத் தெரியும். தொட்டிக்காரருக்கு வேண்டியதும் அந்த ஒரு நாள்தான். தெரு விறகு கேட்கிறது என்று தெரிந்தால் போதும், அவர் ஏலத்துக்குப் போய்விடுவார். பங்குனி பிறந்துவிட்டது. ஏரியில் குஞ்சுகள் பறக்க ஆரம்பித்துவிட்டன என்று மாமா சொல்லி அனுப்பியிருந்தார். ஏரி வற்றினால் ஏலம். உன் அப்பா அண்ணனிடம் ஒருமுறை பேசிப் பார்த்தார், அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார்.

நான் ராத்திரியெல்லாம் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். காலையில் வாசலில் கோலம் போடும்போது தோன்றியது. வெள்ளிக்கிழமை நெருப்பைத்தானே கொடுக்கக் கூடாது. தண்ணீரைக் கேட்டால் எந்த நாளிலும் இல்லையென்று சொல்லக் கூடாதே. குளித்து, தலைக்குப் பூ வைத்துக்கொண்டு, பித்தளைக் குடத்தைத் தேய்த்து மஞ்சள் தடவி இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவின் நடுவிலேயே நடந்து மில்லுக்குப் போனேன். எல்லாரும் பார்க்கட்டும் என்றுதான் நடுவில் நடந்தேன். ரங்கய்யா பாய்லருக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத் திரும்பினார். "இன்னா செல்லெம்மா, வெள்ளிக்கிழமையும் அதுவுமா கொடத்தத் தூக்கிக்கினு வந்துட்ட? வூட்டுல தண்ணி வரலியா?" என்றார்.

"தண்ணி கேட்டுத்தாண்ணா வந்தேன். பச்சத் தண்ணி வேணாம், பாய்லர் தண்ணியா ஊத்துங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த லட்சுமி படத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது அவருக்கு. மூக்குக்குள் சிரித்துக்கொண்டே, "சுமங்கலி வந்து தண்ணி கேட்டா இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வருமாம்மா" என்று அவரே குழாயைத் திறந்து குடத்தை நிரப்பினார். வரும்போது இருந்த நடை திரும்பும்போது இல்லை. ஈரச் சாக்கை மடித்து இடுப்புக்கும் குடத்துக்கும் நடுவில் வைத்திருந்தும் சூடு தாங்க முடியவில்லை, குதித்துக் குதித்துத்தான் வந்தேன். தெருவில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். நேராக உன் பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்றேன்.

உனக்குத் தெரியும், நான் உன் பெரியப்பாவிடம் நேருக்கு நேர் பேசுவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அதுதான் வழக்கம். சொல்ல வேண்டியதைப் பெரியம்மாவிடம் சொல்வேன், அவர் காதில் விழும். அவர் உள்ளே அண்டா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அடுப்பு இன்னும் மூட்டவில்லை. நான் பெரியம்மாவைப் பார்த்து, "அக்கா, மில்லுலேர்ந்து தண்ணி கொண்டாந்திருக்கேன். நெருப்பு ஒண்ணும் எடுத்துக்கினு வரல. வெள்ளிக்கிழம நெறகொடத்தோட வாசல்ல நிக்கறேன், உள்ள வரலாமான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றேன். வெள்ளிக்கிழமை காலையில் நிறைகுடம் வாசலுக்கு வந்தால் வேண்டாம் என்று எந்த வீட்டில் சொல்வார்கள்? பெரியம்மா கேட்கவே இல்லை. இருமிக்கொண்டே, "கேக்க இன்னா இருக்குது, வாம்மா உள்ள" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் புகையில் அதிகம் வெந்தவள் அவள்தான். பெரியப்பா குடத்தின் மேல் கையை வைத்தார், வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பிறகு பெரியம்மாவிடம், "நல்ல சூடாத்தான் இருக்குது. அண்டாவுல ஊத்தச் சொல்லு" என்றார்.

அவ்வளவுதான். குடத்தில் வந்தாலும் குழாயில் வந்தாலும் தண்ணீர் தண்ணீர்தானே. அன்று மத்தியானமே பெரியப்பா வீட்டுக் குழாயைத் திறந்தார்கள், சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் திறந்தாகிவிட்டது. என் இடுப்பில் ஒரு கொப்புளம் வந்து ஆறியது. ரங்கய்யா இப்போதும் வெள்ளிக்கிழமை பாய்லருக்குப் பூஜை போட்டபின் முதல் தண்ணீரை ஒரு குடத்தில் பிடித்து நம் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் குழாயைத் திறக்கிறார். நீ லீவில் வந்தபோது வெள்ளிக்கிழமை வெந்நீரில் குளித்தாயே, அது அந்தத் தண்ணீர்தான்.

சித்திரையில் ஏலம் நடந்தது. நான் போகவில்லை. போயிருந்தாலும் பார்க்க ஒன்றுமில்லை என்று மாமா சொன்னார். அதிகாரி வந்தார், குடை நிழலில் உட்கார்ந்தார், விறகுத் தொட்டிக்காரரும் வந்தார், வாங்குகிறவர்கள் இல்லாத விறகை எடுத்து என்ன செய்வது என்று இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். வேறு யாரும் கேட்கவில்லை. அதிகாரி கேட்பார் இல்லை என்று எழுதிக்கொண்டு குடையை மடக்கினார். அடுத்த மாதம் ஊர்ப் பஞ்சாயத்தில், ஏரி மரத்தை இனிமேல் யாரும் விலை பேசக் கூடாது என்று எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்தக் கார்த்திகையில் பறவைகள் வந்தன. எனக்கு அதைவிடப் பெரிய செய்தி அந்த வருஷத்தில் எதுவும் இல்லை. நீ பாஸ் செய்ததுகூட அதற்கப்புறம்தான், கோபித்துக்கொள்ளாதே.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பெருமை அடித்துக்கொள்ளவும் மாட்டேன். புகை இல்லாமல் போகவில்லை, தெருவிலிருந்து மேலே போயிருக்கிறது, முன்னைவிடக் குறைவு, அவ்வளவுதான். பெரியம்மாவின் இருமல் பாதி நின்றிருக்கிறது. சாயத் தண்ணீர் விஷயத்தில் நாங்கள் ஒன்றும் கிழிக்கவில்லை. குழி வெட்டித் தேக்கிப் பார்த்தோம், கலர் அப்படியே நிற்கிறது, மழை பெய்தால் வழிந்து கால்வாய்க்குப் போகிறது. உன் அப்பாவுக்கு வழி தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நீ படித்தவன், உன் கூடப் படித்தவர்கள் யாராவது இருப்பார்கள், கேட்டு எழுது. ஒரு பக்கம் மிச்சம் பிடித்துவிட்டு இன்னொரு பக்கம் கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குச் சோறு பிசையும்போதெல்லாம் உறுத்துகிறது.

போன மார்கழியில் உன் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனார். சொல்லாமல் போகிறவர் இல்லை. சாயங்காலம் சேறு அப்பிய காலோடு வந்து நின்றார். முசரவாக்கம் போய் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன் என்றார். கல்யாணமான நாளிலிருந்து மழைக்காலத்தில் அவர் அந்தக் கரைக்குப் போனதே இல்லை. தலைதீபாவளிக் கோபம் அப்படி. பறவைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கால் கழுவித் துடைத்துக்கொண்டு, "உங்க அண்ணன் பூட்டி வச்ச பட்டாசு இன்னும் அந்தக் குதிருக்குள்ளதான் இருக்குதாம். எடுத்துக்கினு போறீங்களான்னு கேட்டாரு. கெடக்கட்டும்னுட்டேன்" என்றார். நான் அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷத்தில்தான்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். நீ போகும் வேலையில் கரண்ட் கம்பத்துக்கும் மின்நிலையத்துக்கும் இடம் பார்க்க வெயில் காலத்தில்தான் அனுப்புவார்கள். ஜீப் போக வசதி, சேறு இருக்காது, ஒரே நாளில் முடித்துவிடலாம். அப்போது பார்த்தால் எந்த ஏரியும் வெறும் கட்டாந்தரைதான், எந்த மரமும் விறகுதான். எங்கள் ஊர் மரங்களுக்கு நம்பர் போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. வந்த மாதம்தான் கெட்டது. அந்தத் தார் நம்பர் இன்னும் அழியவில்லை, மரம் பருக்கப் பருக்க அதுவும் பெரிதாகிக்கொண்டே போகிறது. மார்கழியில் நாரை அதன் மேல் கிளையில்தான் கூடு கட்டுகிறது. நீ எந்த ஊரில் எந்த மரத்துக்கு நம்பர் போட நேர்ந்தாலும், போடுவதற்கு முன்னால் மார்கழியில் ஒருமுறை போய் அங்கே நில். அந்தக் கரையில் பிறந்து உன் திட்டம் போகும் ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள் எவளாவது இருப்பாள். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும்படி வைக்காதே, இடுப்பு நிஜமாகவே வெந்துபோகிறது.

நாளை வெள்ளிக்கிழமை. ரங்கய்யா வீட்டுக் குடம் விடிந்ததும் வரும், நான் தூங்கப் போகிறேன்.

உன் அம்மா